ஸ்டெல்லாவுக்குக் கிடைத்த பக்கம்

போன மாதம் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலில் அப்படி ஒரு அவசரம். "மேடம், பட்டிமன்ற டாபிக் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். உங்களுக்கு எந்த சைடு பிடிக்குதோ டிக் பண்ணி அனுப்பிடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடித்த பக்கமா? தொண்டையில் முடிச்சு விழுந்து, டாக்டர் மேடைக்கே போகக் கூடாது என்று சொல்லிச் சில வருடம் ஆகிறது. "நான் ரிட்டயர் ஆயாச்சும்மா, ஆளை விடு" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கோபம் ஆறவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே முணுமுணுத்ததில், என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "யாரைத் திட்டறே?" என்று எட்டிப் பார்த்தார். பிடித்த பக்கத்தைப் பேச ஒரு மேடை வேண்டுமா? அதைத்தானே எல்லோரும் வீட்டிலும் தெருவிலும் கைபேசியிலும் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம்!

சொல்லிவிடுகிறேன். எனக்குச் சம்பளம் கொடுத்தது தொலைபேசித் துறை. என் உத்தியோகம் என்று நான் மனதில் வைத்திருப்பது பட்டிமன்றம். மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பேச்சுப் போட்டியில் நான் கத்திய கத்தலைக் கேட்டுவிட்டு, மாசிலாமணி ஐயா என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். "குரல் இருக்கு. காதுதான் இல்லை. வளர்த்துக்கலாம்" என்றார். முதல் சில வருடங்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலேயே போயின. அதை விவரித்தால் எனக்குத்தான் கேவலம்.

ஐயா கல்லூரியில் வரலாறு நடத்தியவர். மந்தைவெளியில் மாடி வீடு. ஒல்லி உடம்பு, வெள்ளை முழுக்கைச் சட்டை, கோபம் வந்தால் இன்னும் தாழ்ந்து போகும் குரல். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. குரல் தாழத் தாழ நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. தலைப்பு முடிவானதும் போன் வரும். தலைப்பைச் சொல்வார், பக்கத்தைச் சொல்வார், வைத்துவிடுவார். "ஐயா, எனக்கு அந்தப் பக்கம்தான் மனசுக்கு ஒப்புது" என்று யாராவது ஆரம்பித்தால், "சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று பதறுவார். எங்கள் சொந்தக் கட்சி என்ன என்பது அவர் காதில் விழவே கூடாது. விழுந்தால் தீர்ப்பு சொல்லும்போது மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

அடுத்தது ஒத்திகை. அது அவர் வீட்டு மாடியில், மின்விசிறிக்குக் கீழே. அங்கே எங்கள் பக்கத்தை நாங்கள் பேசக் கூடாது. எதிரணியின் பக்கத்தைப் பேச வேண்டும். எதிரணிக்காரர் முன்னால் உட்கார்ந்து கேட்பார். "என் வாதத்தை என்னைவிட நல்லா சொல்லிட்டீங்க" என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ளும் வரை ஐயா விடமாட்டார். மட்டமாகச் சொல்லி எதிரியைக் கேலி செய்யும் வேலை அங்கே நடக்காது. நான் ஒருமுறை அப்படிச் செய்து, பாதியில் நிறுத்தப்பட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஐயாவின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என்னையும்தான் இப்படிப் படுத்தறார்" என்றார்.

தீர்ப்பு விஷயத்தில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். 'இதுவும் சரி, அதுவும் சரி' என்ற வழவழா தீர்ப்பு அவரிடம் கிடையாது. மேடையில் என்ன பேசப்பட்டதோ அதை வைத்து மட்டும்தான் தீர்ப்பு. தனக்குத் தெரிந்ததை, தன் விருப்பத்தை உள்ளே நுழைக்க மாட்டார்.

ராயப்பேட்டையில் ஒரு கோயில் விழா. நகை வாங்குவது சேமிப்பா, செலவா என்று தலைப்பு. விழாவுக்குப் பணம் கொடுத்தவரே ஒரு நகைக்கடைக்காரர். முன்வரிசையில் பொன்னாடையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். நான் பேசியது செலவு என்ற அணியில். ஐயா எழுந்தார், வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், "செலவு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் பொன்னாடையை நிதானமாக மடித்து, பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, கிளம்பிப் போனார்! ஆட்டோவில் திரும்பும்போது எனக்குப் பயம். ஐயா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்ல மயில்கழுத்துக் கலரும்மா அது. எனக்கு ஆசையாத்தான் இருந்துது" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரையே ஒரு தலைப்பு உலுக்கிப் பார்த்தது. பிரிட்டன் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் நீடிப்பதா, விலகுவதா என்று அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போடவிருந்த கோடைக்காலம்.

மயிலாப்பூரில் ஒரு சிறிய சபா. அதன் செயலாளர் ரங்கநாதன். மகன் லண்டனில் குடியேறி அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவன். அவர் ஐயாவிடம் வந்து, "சார், அங்க இதே பேச்சாத்தான் இருக்காம். பையன் ஆத்துல பொழுது விடிஞ்சா இதுதானாம். நீங்க இதையே தலைப்பா வெச்சுண்டா லண்டன்ல இருக்கற நம்மவா அத்தனை பேரும் இன்டர்நெட்ல பார்த்துண்டிருப்பா. ஜம்முனு இருக்கும்" என்றார்.

நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்றோம். ஊர் பேர் தெரியாத விவகாரம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்? ஐயா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு படிக்க உட்கார்ந்துவிட்டார். எங்களையும் படிக்க வைத்தார். வரி இல்லாத வாணிபம், எல்லை தாண்டி வேலை பார்க்கும் உரிமை, மீன்பிடிக் கடலைப் பங்கிட்டுக்கொள்வது என்று மண்டை காய்ந்துபோனது. கூடவே ஒரு தடையும் போட்டார்.

"நம்ம தொழில்ல ஒரு வியாதி இருக்கு. இருக்கறதா போறதான்னு எதைக் குடுத்தாலும் கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமான்னு ஆக்கிடுவோம். நாடு மருமகள் இல்லை. கூட்டமைப்பு மாமியார் இல்லை. அந்த வார்த்தை மேடையில வந்தா மணி அடிச்சு உட்கார வெச்சிடுவேன்."

நீடிக்க வேண்டும் என்ற அணியில் நானும் குமரவேலும். குமரவேல் எதைப் பேசினாலும் சபை சிரிக்கும்; அதுவே அவனுக்குப் பலம், அதுவே சனியன். விலக வேண்டும் என்ற அணியில் ஒரு ஆடிட்டரும் ஸ்டெல்லாவும்.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போனவர், அம்மா மயிலாப்பூரில் மீன் விற்றவர். இவள் படித்து மாநகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியை ஆனாள். மேடையில் அவள் தமிழ் அப்படியே கணீரென்று இருக்கும். மேடையை விட்டு இறங்கினால், "இன்னா கோமு, டீ சொல்லு" என்று குப்பத்துக்குத் திரும்பிவிடுவாள். எத்தனை வருடப் பழக்கம்! என் பேச்சை முதுகுக்குப் பின்னால் புகழ்ந்து, முகத்துக்கு நேரே கிழித்த ஒரே ஆள் அவள்தான்.

ஒத்திகையில் வழக்கம்போல அவள் எதிர்ப்பக்கம், அதாவது நீடிக்க வேண்டும் என்று பேசினாள். அம்மாடி! நான் சேகரித்து வைத்திருந்த வாதமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பிழைக்கப் போன இடத்தில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டவனின் நிலையை அவள் சொன்னபோது, குமரவேல்கூட கேலியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னைவிட நல்லா சொல்லிட்டே" என்று உடனே ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நானும் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருந்தோம். ரங்கநாதன் காபியோடு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் அடங்காது.

"விலகற அணிதான் ஜெயிக்கணும் மேடம்" என்றார் ஸ்டெல்லாவிடம். "ஐரோப்பாக்காரா கூட்டம் கூட்டமா வந்து எடத்தை அடைச்சுண்டிருக்கா. அவாளை அனுப்பிட்டா நம்ம பசங்களுக்கு விசா சுலபமாக் கெடைக்கும். என் தங்கை பிள்ளை எத்தனை நாளாக் காத்துண்டிருக்கான் தெரியுமோ!"

அவர் போனதும் ஸ்டெல்லா காபியைக் குடிக்காமலே கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. மூலைக்குப் போய்ப் பேசினாள். எனக்கு இவள் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"இன்னாடி... இல்லடி, அப்டி இல்ல... அய்யா குடுத்தது அந்தப் பக்கம், நான் இன்னா பண்ணுவேன்?... அழுவாதடி, மாசமா இருக்கறப்ப அழுவாத... ரெஜினா... ரெஜினா!"

லண்டனிலிருந்து அவள் மகள். அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சு?" என்று அவள் பாஷையிலேயே கேட்டேன்.

"என் மாப்ள பாஸ்கல் பாண்டிச்சேரி, தெரியுமில்ல? அவுங்க தாத்தா காலத்துலேந்து பிரெஞ்சு பாஸ்போட்டு. அத்த வெச்சிக்கினுதான் லண்டன்ல பஸ் ஓட்டிக்கினு கீறான். இங்கிலாந்து அந்தக் கூட்டுல இருக்கற வரைக்கும்தான் அது அங்க செல்லும். வெலகிட்டா இன்னா ஆவும்னு ஒருத்தருக்கும் தெரில. இப்பதான் லோன் போட்டு வூடு வாங்கிக்கிறாங்க. புள்ள வேற வரப்போவுது."

பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு என்று எனக்கும் தெரியும். ஸ்டெல்லாவின் மகள் புகுந்த வீடு அதில் ஒன்று என்பது, இத்தனை பழக்கத்திலும், எனக்குத் தெரியாது. ரங்கநாதன் சற்று முன்பு அனுப்பிவிடச் சொன்ன ஐரோப்பாக்காரர்களில் ஒருவன் பாஸ்கல்!

"இன்னொரு கூத்து கேளு" என்றாள். "இந்த ஓட்டுல அவனுக்கு ஓட்டு இல்ல. ரெஜினாவுக்கு நம்ம இந்தியா பாஸ்போட்டுதான? இங்கிலீஷ்காரன் ஆண்ட நாட்டு ஆளுன்னு இவளுக்கு ஓட்டு கீது. புருசன் அங்க இருக்கலாமா வேணாமான்னு பொண்டாட்டி ஓட்டுப் போடணும். அவுங்க சர்ச்சுல கீற பாண்டிச்சேரி சனம் மொத்தமும் இன்னிக்கி இத்தப் பாக்கப்போவுதாம். 'எங்கள ஊரவுட்டுத் தொரத்தச் சொல்லி என் அம்மாவே பேசறத நான் அவுங்ககூட உக்காந்து பாக்கணுமா? நீ அந்த மேடைல ஏறினா எனக்குப் போன் பண்ணாத'ன்னு வெச்சிட்டா."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"சொந்தக் கட்சியச் சொல்லாதன்றது அய்யா சட்டம்."

இதை என்னவென்று சொல்வது? வேறு எந்தத் தொழிலில் ஒருத்தி இப்படி மாட்டிக்கொள்வாள்? அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐயாவைத் தேடிப் போனேன். ஒத்திகையில் விலகும் பக்கத்தைப் பேசிப் பழகியவள்தானே நான், பக்கத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஐயா கடைசி வரிசையில் உட்கார்ந்து மைக் சத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு கேக்க எனக்கு வாய் இல்லை. சொல்லாதீங்கன்னவன் நான்தான்" என்றார், அந்தத் தாழ்ந்த குரலில். கோபம் முழுக்கத் தன் மேலேயே. "ஸ்டெல்லாம்மா, மாத்திக்கலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க. மேடையில நானே அறிவிச்சிடறேன்."

ஸ்டெல்லா மேடையைப் பார்த்தாள். நிகழ்ச்சியை இணையத்தில் காட்டுவதற்காகக் கைபேசியைத் தாங்கிய முக்காலியை ஒருவன் நேர்செய்துகொண்டிருந்தான்.

"வேணாங்கய்யா" என்றாள்.

"ஏம்மா?"

"எங்கப்பா அந்த ஊருக் கடக்கரைல பொறந்திருந்தா, வெலகுன்னுதான் அய்யா ஓட்டுப் போட்டிருப்பாரு. ரெண்டு பக்கமும் எங்க வூட்டு ஆளுங்கதான். எங்கப்பா பக்கத்த இன்னிக்கி என்கிட்ட குடுத்திருக்கீங்க. நான் பேசறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "கோமு, பாஸ்கல் பக்கத்த நீ பேசு. நல்லாப் பேசு. அவன் பேர மட்டும் சொல்லாத."

நான்தான் முதல் பேச்சாளர். தயார் செய்த வாணிபக் கதையையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, பெயர் சொல்லாமல் ஒரு பஸ் டிரைவரைப் பற்றிப் பேசினேன். விடிவதற்கு முன்பே எழுந்து அந்த ஊரை வேலைக்குக் கொண்டுசேர்ப்பவன், அங்கே வரி கட்டுகிறவன், வீடு வாங்கியவன், அந்த வீட்டில் இருக்கலாமா கூடாதா என்பதில் மட்டும் ஓட்டில்லாதவன். "நேற்று வரை செல்லும் என்று சொன்ன சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாதி வழியில் இறங்கச் சொன்னால், அது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டேன். பேசும்போது ஸ்டெல்லா பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆடிட்டர் தன் பங்குக்குக் கூட்டல் கழித்தலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எங்கள் அணியின் குமரவேல். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. சபை கொஞ்சம் இறுக்கமாக இருப்பதைப் பார்த்ததும் அவனுக்குக் கை பரபரத்துவிட்டது. "அதாவது நடுவர் அவர்களே, மருமகள் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினால்..." என்றான். டிங்! மணி அடித்தது. சபை அதற்கும் சிரித்தது. அந்தச் சிரிப்புப் போதையில் அவன் மாமியார் கையில் கரண்டியைக் கொடுத்து, நாத்தனாரையும் இழுத்துவிட்டான். ஐயா மறுபடி மணி அடித்து உட்கார வைத்தபோது நான் கட்டிய கோட்டை பொலபொலவென்று உதிர்ந்திருந்தது. பாவி! இன்றைக்கு நினைத்தாலும் அவன் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

கடைசியாக ஸ்டெல்லா. கைபேசியின் கண்ணாடிக் கண்ணை நேராகப் பார்த்து நின்றாள்.

"என் தகப்பனார் மீன் பிடித்தவர்" என்று ஆரம்பித்தாள். "எங்கே வலை போடுவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்வார். ஒருநாள், எவ்வளவு தூரத்தில் யார் பிடிக்கலாம் என்று ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்த அறையில் கட்டுமரக்காரர் ஒருவரும் இல்லை. பிற்பாடு எங்கள் சனத்தில் பாதியை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குக் கொண்டுபோனார்கள். கெட்ட வீடு என்று சொல்ல மாட்டேன், மழைக்கு ஒழுகாது. ஆனால் யாரும் எங்களைக் கேட்கவில்லை. அங்கே போன என் சித்தப்பா மொட்டை மாடியில் ஏறி, கடல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து செத்துப்போனார்."

மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

"அந்த நாட்டுக் கடலோரத்திலும் அப்படி ஒரு மனிதர் இருக்கிறார். தன் கடலில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை வேறொரு நாட்டில், வேறொரு மேசையில் எழுதுகிறார்கள். நல்லதற்கே எழுதியிருக்கலாம். அவரைக் கேட்கவில்லை. இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார்கள். அவர் 'விலகு' என்கிறார். அவரை முட்டாள் என்று சொல்லாதீர்கள், பொல்லாதவர் என்று சொல்லாதீர்கள்."

ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"என் தோழி ஒரு பஸ் டிரைவரைச் சொன்னார். அந்தப் பையனை எனக்குத் தெரியும் போல இருக்கிறது. நல்ல பையன். அவனைத் துரத்தச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. தன் ஊரில் தன் பேச்சுக்கு மதிப்பு வேண்டும் என்று ஒரு கிழவர் கேட்கிறார். அந்தக் கிழவருக்காக நிற்கிறேன். அவர் பேச்சைக் கேட்டால்தான் அவர் அந்தப் பையனின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே தெருவில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது."

உட்கார்ந்துவிட்டாள். கை தட்டினார்கள் பாருங்கள், அப்படித் தட்டினார்கள். நானும் தட்டினேன். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும், இவள் என் தோழி என்று பெருமை பொங்கியது.

ஐயா தீர்ப்புக்கு எழுந்தார். நான் மனதுக்குள் கும்பிட்டேன். ஐயா, ஒருமுறை, இந்த ஒரு முறை பிடிவாதத்தை விடுங்கள், இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அந்தப் பெண் அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"கோமதி அம்மையார் நெஞ்சைத் தொட்டார். அவருடைய அணி அதைக் காப்பாற்றத் தவறியது. ஸ்டெல்லா அம்மையார் சொன்னதற்கு ஈடான வாதம் இந்த மேடையில் வரவில்லை. இங்கே பேசியதை வைத்து, விலகும் அணி வென்றது என்று தீர்ப்பளிக்கிறேன்."

கைதட்டல் எழும்பியது. அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"இத்தனை காலத்தில் நான் தீர்ப்புக்கு நிபந்தனை போட்டதில்லை. இன்று போடுகிறேன். அந்த நாடு எந்த முடிவை எடுத்தாலும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கிற அந்தப் பையனின் வீட்டை யாரும் தொடக் கூடாது. இதை ஏற்காதவர்கள் என் தீர்ப்பைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு போக வேண்டாம்."

பொன்னாடையோடு மேடையேறிய ரங்கநாதன் என் காதருகே, "யாரு அந்தப் பையன்? நெஜமாவே இருக்கானா?" என்றார். "இருக்கார் சார். நீங்க அனுப்பச் சொன்ன ஐரோப்பாக்காரர்தான். இட்லிக்கு மிளகாய்ப்பொடி இல்லேன்னா கோச்சுக்கறவர்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்று ரெஜினா போன் செய்யவில்லை. ஸ்டெல்லா செய்தபோது எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பாஸ்கல் மட்டும், 'ரெஜினா நல்லா இருக்கா அத்தை' என்று ஒரு வரி அனுப்பினானாம். ஸ்டெல்லா பள்ளியிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, டிவி பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பேச்சையே தொழிலாக வைத்திருந்து என்ன பிரயோசனம்?

ஓட்டெடுப்பு முடிந்து, முடிவு வந்த காலையில் ஐயா போன் செய்தார். "கிளம்புங்கம்மா. ஸ்டெல்லா வீட்டுக்குப் போகலாம்." அவள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஐயாவுக்கு அப்போதே முழங்கால் போய்விட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறினார். நான் கை கொடுத்தால் வேண்டாம் என்று தலையாட்டினார்.

கதவு திறந்தே இருந்தது. டிவியில் விலகும் பக்கம் ஜெயித்ததைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா எங்களைப் பார்த்ததும், "நம்ம தீர்ப்பு பலிச்சிட்சி அய்யா" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

பிற்பாடு, அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் மனுப் போட்டுத் தங்கிக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு பாஸ்கலுக்கும் கிடைத்தது. அன்று காலையில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஐயா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்தபடி, அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

கைபேசி அடித்தது. ரெஜினா. ஸ்டெல்லா அதைத் தொடப் பயந்தாள். ஐயா கையை நீட்டி வாங்கி, எங்களுக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டார்.

"ரெஜினாம்மா, நான் மாசிலாமணி பேசறேன். உங்கம்மாவுக்கு அந்தப் பக்கத்தைக் குடுத்தவன் நான். கோபத்தை என் மேல காட்டும்மா. அவங்களை விட்டுடு."

அந்தப் பக்கம் தெருவில் வண்டி போகும் சத்தம் கேட்டது.

"கோவம் இருந்துச்சு தாத்தா. அதான் போனே எடுக்கல" என்றாள். "நேத்து நான் இருக்கணும்னுதான் ஓட்டுப் போட்டேன். பாஸ்கல் வெளியவே நின்னுக்கினு இருந்தாரு. காலைல ரிசல்ட்டு பாத்தேன். எங்க தெருல பாதிப் பேரு எங்களுக்கு எதிராத்தான் போட்டிருப்பாங்க. யாரு யாருன்னு எனக்கு இன்னா தெரியும்? அவுரு டூட்டிக்குப் போய்ட்டாரு. நான் தனியா கதவச் சாத்திக்கினு, ஜன்னல் தெரைய இழுத்து வுட்டுட்டு உக்காந்துனு இருந்தேன் தாத்தா. ரொம்ப பயமா இருந்துச்சு."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதிர்வூட்ல ஒரு கெழவரு கீறாரு. ஜன்னல்ல விலகுன்னு போர்டு வெச்சிருந்தவரு. தெனம் இந்நேரத்துக்கு வாசல்ல நிப்பாரு. அவுரு மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னு நெனச்சப்போ, அன்னிக்கு கோவத்தோட பாத்த அம்மா பேச்சு ஞாபகம் வந்துச்சு. மொட்ட மாடில கடலத் தேடிக்கினு நின்ன சின்னத் தாத்தா. போய்க் கதவத் தொறந்துட்டேன். அவுரு தல ஆட்டினாரு. நானும் ஆட்டினேன். இப்ப வாசல்லதான் நின்னுக்கினு பேசறேன். போன அம்மாகிட்ட குடுங்க தாத்தா."